பெட்ரோல் டேங்க் ரீகால்: “பார்ட் இன்னும் வரலை சார்” என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

என் காரில் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, ரீகாலில் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) கோளாறான குழாயை இலவசமாக மாற்றித் தந்த நாள் வரை ஐந்து மாதம் பத்து நாள். மாற்றும் வேலைக்கு ஆனது ஒன்றேமுக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் அலைச்சலும் காத்திருப்பும்தான்.

சர்வீஸ் சென்டருக்கு நான்கு முறை போனேன். முதல் மூன்று முறையும் “பார்ட் வரலை சார், வந்ததும் நாங்களே கூப்பிடுறோம்” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கம்பெனிக்குப் புகார் எழுதினால், “எங்கள் பதிவின்படி உங்கள் வாகனம் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது” என்று பதில் வந்தது. கேட்டைத் தாண்டிப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கீழே இருக்கும் படிகளில் பாதி, அன்றைக்கு வாங்கிய அடியில் கற்றவை.

நான் எந்தக் கம்பெனி வண்டி வைத்திருக்கிறேன் என்பது இங்கே முக்கியமில்லை. இந்தியாவில் எந்த வண்டியாக இருந்தாலும் வழி இதுதான்.

1. வாடை வந்த அன்றே செய்ய வேண்டியது

முதலில் பாதுகாப்பு, புகாரெல்லாம் அப்புறம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். அதனால் மூடிய போர்டிகோவிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ வண்டியை விடாதீர்கள். நம் வீடுகளில் வாசலில் விளக்கு ஏற்றுவோம், கார்த்திகைக்குப் படி முழுக்க அகல் வைப்போம், தீபாவளிக்குச் சொல்லவே வேண்டாம். வண்டி சரியாகும் வரை அதைத் தெருவில் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். வெயிலில் பெயின்ட் போகுமே என்று கவலைப்பட இது நேரமில்லை.

வாடை எப்போது வருகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் வந்தால், பெட்ரோல் போடும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயிலோ (ஃபில்லர் நெக் என்பார்கள்) டேங்கின் மேற்பகுதியிலோ சந்தேகம். பின் சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் அதிகம் அடிக்கிறது என்றால், பல கார்களில் அந்த சீட்டுக்கு அடியில்தான் ஃப்யூவல் பம்ப்பின் மூடி இருக்கிறது. முன்பக்கம் வந்தால் இன்ஜினுக்குப் போகும் ஹோஸ். இது மெக்கானிக் வேலை பார்ப்பதற்காக அல்ல. “வாடை அடிக்குது சார்” என்றால் மோந்து பார்த்துவிட்டு “இப்ப இல்லையே” என்பார்கள். “ஃபுல் டேங்க் போட்ட மூன்று முறையும், அன்று இரவு, பின்பக்க வலது சக்கரத்துக்கு அருகில்” என்றால் வண்டியை ராம்ப்பில் ஏற்றுவார்கள்.

தரையில் சொட்டியிருந்தால் படம் எடுங்கள், வீடியோவும் எடுங்கள். சொட்டுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இன்ஷூரன்ஸில் ரோட் சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்தது, அது தெரியாமலே 2,800 ரூபாய் கொடுத்து வண்டியைத் தூக்கிப் போனேன்.

இரண்டு எச்சரிக்கை. பெட்ரோல் பங்க்கில் ஆட்டோ கட் (டேங்க் நிரம்பியதும் பெட்ரோல் தானாக நிற்பது) ஆன பிறகு “ரவுண்டா ஆக்கிடலாமா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2014 ஏப்ரலில் மாருதி சுசூகி எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் மாடல்களில் 1,03,311 வண்டிகளை ஃபில்லர் நெக்குக்காகத் திரும்ப அழைத்தபோது சொல்லப்பட்ட விளக்கமே இதுதான்: ஆட்டோ கட்டைத் தாண்டி நிரப்பினால் வாடை வரலாம், அரிதாகக் கசியவும் கூடும். இரண்டாவது, தெருமுனை மெக்கானிக்கிடம் போய் சோப்பைத் தேய்த்து அடைப்பது, எம்-சீல் போடுவது, டேங்கை வெல்டிங் வைப்பது. வெல்டிங் உயிருக்கே ஆபத்து, காலி டேங்கில் தங்கிய ஆவி வெடிக்கும். மற்ற இரண்டும் “வெளியில் கை வைத்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை” என்று கம்பெனிக்காரர் சொல்ல நாமே எடுத்துக் கொடுப்பது.

2. உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று பாருங்கள்

தேவைப்படுவது சேஸிஸ் நம்பர். 17 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இருக்கிறது. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம், ஐ மாதிரி தெரிந்தால் ஒன்று. இது தெரியாமல் நான் இரண்டு நாள் “தவறான எண்” என்ற செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் ரீகால் என்றோ சர்வீஸ் கேம்பெய்ன் என்றோ ஒரு பகுதி இருக்கும். இந்த இரண்டாவது பெயரைக் கவனியுங்கள். ரீகால் என்றால் செய்தித்தாளில் வந்துவிடும் என்பதாலோ என்னவோ, சில வேலைகள் சத்தமில்லாமல் கேம்பெய்ன் என்ற பெயரில் நடக்கும். கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் அமைப்பின் தளத்திலும் கம்பெனிகள் தாமாக அறிவித்த ரீகால்களின் பட்டியல் உண்டு.

ரீகால் எப்போதும் தயாரித்த தேதியைப் பார்த்துத்தான், பதிவு செய்த தேதியைப் பார்த்து அல்ல. உதாரணமாக 2019இல் ஹோஸ் கோளாறுக்காக வேகன்ஆர் 1 லிட்டர் மாடலில் 40,618 வண்டிகள் அழைக்கப்பட்டன. 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரானவை மட்டும். “நான் செப்டம்பரில்தானே வாங்கினேன், என்னுடையது இருக்காது” என்று விட்டுவிடாதீர்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீகால் செய்தி முதல் ஓனரின் போன் நம்பருக்குத்தான் போகும். எனக்கு விற்றவருக்கு ஏழு மாதத்துக்கு முன்பே எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அவர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார். வண்டி வாங்கியதும் ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதோடு நிற்காமல், சர்வீஸ் சென்டரிலும் உங்கள் பெயர், நம்பர், மெயிலை மாற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது.

3. ஒரு ஃபைல் போடுங்கள்

ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பாலிசி, வண்டி வாங்கிய இன்வாய்ஸ் (செகண்ட் ஹேண்ட் என்றால் விற்றவரிடம் வாங்கிய ரசீது), வாரண்டி புத்தகம், பழைய சர்வீஸ் பில்கள், ரீகால் பக்கத்தில் உங்கள் சேஸிஸ் நம்பர் போட்டு வந்த பதிலின் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு அன்றைக்கே எடுத்து வையுங்கள். நாளை அந்தப் பக்கம் மாறலாம்.

அப்புறம் செலவுச் சீட்டுகள்: வண்டி தூக்கிய பில், வண்டி இல்லாத நாட்களின் டாக்ஸி பில், ரீகால் தெரியாமல் முன்பே காசு கொடுத்துச் சரிசெய்திருந்தால் அந்த பில். முன்பு கட்டிய காசைத் திருப்பித் தருவார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தது, ஆனால் கேட்காதவருக்கு ஒருபோதும் வராது. நான் ஹோஸ் மாற்ற 1,150 ரூபாய் கட்டியிருந்தேன். மூன்றாவது மெயிலுக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

4. ஜாப் கார்டு இல்லாமல் திரும்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சர்வீஸ் சென்டரில் வண்டி நுழைந்தால் ஜாப் கார்டு போடுவார்கள். அதில் தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை எல்லாம் இருக்கும். கம்பெனியின் கணினியில் அது பதிவாகும். பார்ட் இல்லை என்று தெரிந்தால் அட்வைசர் (நம்மிடம் குறை கேட்டு வண்டியை வாங்கும் ஊழியர்) ஜாப் கார்டே போடாமல் அனுப்பப் பார்ப்பார். திறந்த ஜாப் கார்டு முடியாமல் கிடந்தால் அவருக்குத்தான் மேலிடத்தில் கேள்வி. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அப்படி. ஆனால் உங்கள் வண்டி அன்று அங்கே வந்ததற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆகவே சிரித்த முகத்தோடு, விடாமல் கேளுங்கள். “ரீகால் வேலைக்காக வந்தது, பார்ட் இல்லாததால் செய்யப்படவில்லை” என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் “ஜெனரல் செக்கப்” என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்களா, என்ன தெரிந்தது என்பதும் வர வேண்டும். நகலை வாங்கி, வெளியே வந்ததும் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்டும் போட மறுத்தால் அங்கேயே நின்று அவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “இன்று காலை 10.40க்கு ரீகால் வேலைக்காக வண்டியைக் கொண்டுவந்தேன். பார்ட் இல்லை என்று சொன்னீர்கள். ஜாப் கார்டு தரவில்லை.” அவர் “ஓகே சார்” என்று பதில் போட்டால் போதும். நீல டிக் விழுந்தாலும் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை.

ரீகால் வேலைக்குப் பார்ட்டுக்கும் கூலிக்கும் பணம் கிடையாது. “கூடவே பெய்டு சர்வீஸ் பண்ணிடுங்க சார், அப்பத்தான் வேலை சீக்கிரம் முடியும்” என்று எனக்குச் சொன்னார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எஸ்டிமேட்டில் “வாஷிங்”, “கன்ஸ்யூமபிள்ஸ்” என்று 600, 700 ரூபாய் நுழைந்திருக்கும், வரிவரியாகப் பாருங்கள்.

5. பார்ட்டைத் துரத்துவது

“ஆர்டர் போட்டாச்சு” என்றால் ஆர்டர் நம்பரும் தேதியும் கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஆர்டரே போடப்படும்.

வண்டி ஓடாமல் நிற்கிறது என்று காட்டிப் போடும் அவசர ஆர்டருக்கு வி.ஓ.ஆர். என்று பெயர். சாதாரண ஆர்டர் ஸ்டாக்கோடு சேர்ந்து மெதுவாக வரும். கசிவு உறுதியாகியிருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, “இதை ஓட்டுவது பாதுகாப்பில்லை, வி.ஓ.ஆர். போடுங்கள்” என்று கேளுங்கள். வண்டி அவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது பார்ட் வேகமாக வரும். விடும்போது கிலோமீட்டரையும், டேங்கில் உள்ள பெட்ரோல் அளவையும், உள்ளே இருக்கும் பொருள்களையும் எழுதி வாங்குங்கள். மாற்று வண்டி கேட்டுப் பாருங்கள், எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, வேறு ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுங்கள். ரீகாலை அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் செய்துகொள்ளலாம், வாங்கிய இடம்தான் என்றில்லை. எங்கள் ஊரில் ஐந்து மாதமாக இல்லாத குழாய், எழுபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் அலமாரியில் இருந்தது. போனில் சேஸிஸ் நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இதை முதல் வாரமே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

காத்திருக்கும் நாட்களில் வண்டியை ஓட்டலாமா என்று சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் “ஓட்டலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்பவர், எழுத்தில் கேட்டால் யோசிப்பார். இதில் இன்ஷூரன்ஸ் கோணமும் இருக்கிறது. முழு பாலிசியில் தீ, வெடிப்பு, தானாகப் பற்றிக்கொள்வது எல்லாம் அடங்கும். ஆனால் வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பாலிசியில் உண்டு. கசிவது தெரிந்தே ஓட்டினார் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

6. கம்பெனிக்கு மெயில்

முதல் முறை திரும்பி வந்து 15 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் எழுதிவிடுங்கள். நான் மூன்று மாதம் பொறுத்தேன், அதனால் யாரும் என்னைப் பாராட்டவில்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பி, டீலருக்கும் நகல் போடுங்கள். கோபத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. நான் கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

“என் வாகன எண், சேஸிஸ் எண் இவை. இந்த வாகனம் நீங்கள் அறிவித்த ரீகாலில் அடங்குகிறது (ஸ்கிரீன்ஷாட் இணைப்பு). இன்ன தேதிகளில் இன்ன சென்டருக்குக் கொண்டு சென்றேன் (ஜாப் கார்டு இணைப்பு). பார்ட் இல்லை என்று வேலை செய்யப்படவில்லை. கசிவு தொடர்வதால் வாகனத்தைப் பயன்படுத்த முடியவில்லை. இதுவரை எனக்கு ஆன செலவு இவ்வளவு (பில்கள் இணைப்பு). 15 நாட்களுக்குள் வேலையை முடித்துத் தரவும், முடிக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.”

டிக்கெட் நம்பர் வரும். இரண்டு நாளில் யாராவது போன் செய்து “பாத்துக்கிறோம் சார்” என்பார்கள், அடுத்த நாளே டிக்கெட் “தீர்க்கப்பட்டது” என்று மூடப்படும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. போன் பேசி முடித்ததும், “இன்று நீங்கள் போனில் சொன்னது இது, பிரச்சினை இன்னும் தீரவில்லை” என்று அதே மெயில் தொடரில் எழுதிவிடுங்கள்.

7. அரசுக் கதவுகள் இரண்டு

முதலாவது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இணையத்திலும் பதியலாம். இது நீதிமன்றம் கிடையாது, உத்தரவு போட முடியாது. உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கம்பெனியில் இதற்குப் பதில் எழுதுபவர் கால் சென்டர் ஆள் இல்லை. என் விஷயம் நகர்ந்தது இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள ரீகால் புகார்ப் பகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போதுமான ஓனர்கள் புகார் செய்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். அப்போது கம்பெனி பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. கம்பெனி தானாக முன்வந்து ரீகால் செய்தால் அந்த அபராதம் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வயது. இந்த விதி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். என் வண்டிக்கு அப்போது ஆறரை வயது. “அடுத்த மாசம் வாங்க” என்பதை இன்னும் ஆறு முறை கேட்டிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். உங்கள் வாடைக்கு இன்னும் ரீகாலே அறிவிக்கவில்லை என்றாலும் இங்கே பதியுங்கள். ஒவ்வொரு புகாரும் எண்ணிக்கையில் சேரும்.

8. நுகர்வோர் ஆணையம்

நான் இதுவரை போகவில்லை. மனு தயாராக இருந்த வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. தயார் செய்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டீஸ். வழக்கறிஞர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதி ஸ்பீட் போஸ்டில் டீலருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக அனுப்பலாம். தபால் ரசீதையும் சேர்ந்த விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம், விலை 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள் வரை கிடைக்கும். வண்டியைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்குகளை 3 மாதத்திலும், தேவைப்படுபவற்றை 5 மாதத்திலும் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பிக் காலண்டரில் வட்டம் போடாதீர்கள்.

கோளாறு இருக்கிறது என்பதை நிரூபிக்கத்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் திண்டாட வேண்டியிருக்கும், பரிசோதனைக் கட்டணத்தை உங்களையே முதலில் கட்டச் சொல்லவும் கூடும். ரீகால் அறிவிப்பு இருந்தால் கோளாறைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரி. நீங்கள் காட்ட வேண்டியது தாமதத்தை மட்டும். அதற்குத்தான் ஜாப் கார்டு ஜாப் கார்டு என்று அடித்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது, தாண்டவிடாதீர்கள். சொந்தமாக டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர்கள் “வணிக நோக்கம்” என்று தள்ளப்பட மாட்டார்கள், சுயதொழிலாக வாழ்வாதாரத்துக்கு ஓட்டுபவரும் நுகர்வோர்தான். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் “நாங்கள் உங்களுக்கு விற்கவில்லையே” என்ற வாதம் வரும், அதற்காகவாவது ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

9. பார்ட் போட்ட அன்று

ஜாப் கார்டிலும் பில்லிலும் ரீகால் வேலை முடிந்தது என்ற வரி இருக்க வேண்டும், தொகை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். கழற்றிய பார்ட்டைத் தரமாட்டார்கள், கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து இணையதளத்தில் சேஸிஸ் நம்பரை மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னும் நிலுவை என்று காட்டினால் சென்டர் பதிவை மூடவில்லை, பின்னால் விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார்.

அப்புறம் டேங்கை ஆட்டோ கட் வரை நிரப்பி, திறந்த இடத்தில் சரிவாக நிறுத்தி, மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துப் பாருங்கள். நான் நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் வீட்டில் கேட்டார்கள், “இன்னுமா அந்தக் காரை மோந்து பாத்துட்டிருக்கீங்க?”